புது ரவுட்டர் மாட்டிய பிறகு லேப்டாப்பில் மட்டும் வீட்டு வைஃபை பெயரே வரவில்லை

பொருநைக்கரை | சனி, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு பாளையங்கோட்டையில். ஃபைபர் இணைப்பு வைத்து மூன்று வருடம் ஆகிறது. பழைய ரவுட்டர் அடிக்கடி நின்றுபோனதால் வியாழக்கிழமை ஆள் வந்து புது ரவுட்டர் மாட்டிவிட்டுப் போனார். பெட்டியில் வைஃபை 6 என்று போட்டிருக்கிறது. வீட்டில் இருக்கிற மூன்று போன்களும் டிவியும் உடனே சேர்ந்துகொண்டன. என் லேப்டாப் மட்டும் சேரவில்லை.

பாஸ்வேர்டு தப்பு என்று சொன்னால்கூடப் பரவாயில்லை. பட்டியலில் எங்கள் வீட்டுப் பெயரே வரவில்லை. பக்கத்து வீடு, எதிர்வீடு, தெருமுனை மருந்துக்கடை என்று ஐந்தாறு பெயர் வருகிறது. லேப்டாப்பை ரவுட்டருக்கு ஒரு முழம் தள்ளி வைத்தும் பார்த்துவிட்டேன். ரீஸ்டார்ட் செய்தேன், நெட்வொர்க் ரீசெட்டும் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

2016-இல் வாங்கிய லேப்டாப், விண்டோஸ் 10. இன்று கடையில் காட்டினேன். வைஃபை கார்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மகளுக்குக் கல்லூரி ப்ராஜெக்ட் வேலை இதில்தான் நடக்கிறது. மாற்றுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

சர்வீஸ்மேசை | சனி, இரவு 9:40

ஈரோட்டில் பதினெட்டு வருடமாக லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். 2016 மாடல் என்றால் கீல் பக்கமாக ஓடுகிற ஆன்டெனா ஒயர் தேய்ந்திருக்கலாம், அல்லது கார்டில் குத்தியிருக்கிற முனை கழன்றிருக்கலாம். அடிக்கடி திறந்து மூடுகிற லேப்டாப்பில் இது சகஜம். பின்மூடியைத் திறந்து இரண்டு ஒயரும் கார்டில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தும் வரவில்லை என்றால் கார்டுதான்.

செம்பருத்தி | சனி, இரவு 10:05

பொருநைக்கரை சார், கார்டை மாற்றக் கொடுத்துவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். தெருமுனை மருந்துக்கடையின் சிக்னல் வரை பிடிக்கிற கார்டு செத்த கார்டு இல்லை. ஒயர் கழன்றிருந்தால் முதலில் மறைவது தூரத்துப் பெயர்கள்தான். ஒரு முழத்தில் இருக்கிற ரவுட்டர் அப்போதும் தெரியும். உங்களுக்கு நடப்பது தலைகீழாக இருக்கிறது.

வைஃபை வரவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள்ளே நான்கு படி இருக்கிறது. முதலில் பெயர் கண்ணில் பட வேண்டும். அடுத்து பாஸ்வேர்டை ஏற்றுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ரவுட்டர் ஒரு ஐபி முகவரி கொடுக்க வேண்டும். கடைசியாகத்தான் வேகம். எந்தப் படியில் நிற்கிறது என்பது தெரிந்தால் பாதிக் காரணங்களைத் தள்ளிவிடலாம். நீங்கள் முதல் படியிலேயே நிற்கிறீர்கள். அதனால் பாஸ்வேர்டு, ஐபி, டிஎன்எஸ் எதையும் தொட வேண்டாம். நெட்வொர்க் ரீசெட்டும் இதற்கு உதவாது.

இரண்டு காரியம் செய்து எழுதுங்கள்.

போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப் அதைப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

கமாண்ட் பிராம்ப்ட் திறந்து netsh wlan show drivers என்று, நான்கு சொல்லுக்கும் நடுவே ஒரு இடைவெளி விட்டு, ஒரே வரியில் தட்டச்சு செய்து என்டர் கொடுங்கள். நீளமாகக் கொட்டும். அதில் கார்டின் பெயர், டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கிற மென்பொருள்) தேதி, கார்டுக்குத் தெரிந்த வைஃபை வகைகளைச் சொல்கிற 'ரேடியோ டைப்ஸ் சப்போர்ட்டட்' என்ற வரி, இந்த மூன்றும் போதும்.

பொருநைக்கரை | சனி, இரவு 10:48

நன்றி மேடம். ஹாட்ஸ்பாட்டை உடனே பிடித்துவிட்டது. இணையமும் வேலை செய்கிறது. இப்போது எழுதுவதே அதில்தான்.

கார்டின் பெயர் இன்டெல் டூயல் பேண்ட் வயர்லெஸ் ஏசி 3165. டிரைவர் தேதி 2015 என்று காட்டுகிறது. ரேடியோ டைப்ஸ் வரியில் 802.11ஏ, பி, ஜி, என், ஏசி ஐந்தும் இருக்கிறது.

செம்பருத்தி | சனி, இரவு 11:10

அப்படியென்றால் கிட்டத்தட்ட உறுதி. கார்டு நன்றாக இருக்கிறது, டிரைவர்தான் பழசு.

ரவுட்டர் சும்மா இருக்கும்போதும் நொடிக்கு ஏறக்குறைய பத்து முறை பீக்கன் என்ற ஒரு சின்ன அறிவிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். என் பெயர் இது, நான் இந்த சேனலில் இருக்கிறேன், எனக்கு இந்த முறையெல்லாம் தெரியும், பூட்டு இந்த வகை என்பதெல்லாம் அதில் இருக்கும். லேப்டாப்பில் நீங்கள் பார்க்கிற பட்டியல் பெரும்பாலும் இந்த அறிவிப்புகளைக் கேட்டு எழுதியதுதான். வைஃபை 6 ரவுட்டரின் அறிவிப்பில் 802.11ஏஎக்ஸ் (வைஃபை 6-இன் தொழில்நுட்பப் பெயர்) பற்றிய புதுப் பகுதி ஒன்று சேர்ந்திருக்கிறது. தெரியாத பகுதியைத் தாண்டிவிட்டு மற்றதைப் படிப்பதுதான் முறை. போன்களும் டிவியும் அப்படித்தான் செய்தன. இன்டெலின் 3165, 7265, 8260 போன்ற கார்டுகளின் பழைய டிரைவர்கள் அப்படிச் செய்யவில்லை. அந்த அறிவிப்பையே விட்டுவிடுகின்றன. பெயர் பட்டியலுக்கே வருவதில்லை. இன்டெல் நிறுவனமே இதை ஒப்புக்கொண்டு, எந்தக் கார்டுக்கு எந்த டிரைவர் போட வேண்டும் என்று தன் தளத்தில் பட்டியல் போட்டிருக்கிறது.

மருந்துக்கடை ரவுட்டர் பழசு, அதனால் தெரிகிறது. உங்கள் வீட்டு ரவுட்டர் புதுசு, அதனால் தெரியவில்லை.

நான் சொல்வது சரிதானா என்று முதலில் சோதித்துவிடுவோம். ரவுட்டருக்கு அடியில் இருக்கிற ஸ்டிக்கரில் நிர்வாகப் பக்கத்தின் முகவரி இருக்கும், 192.168.1.1 அல்லது அதுபோல ஒன்று. போனிலேயே திறக்கலாம். வயர்லெஸ் பகுதியில் 'மோட்' என்று இருக்கும். அதில் ஏஎக்ஸ் சேர்ந்த தேர்வை விட்டு, 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைப் பட்டையில் ஏ, என், ஏசி மட்டும் இருப்பதையும், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் பி, ஜி, என் மட்டும் இருப்பதையும் தேர்ந்தெடுங்கள். சில ரவுட்டரில் வைஃபை 6 என்று தனியாக ஒரு பொத்தானே இருக்கும். அணைத்துவிட்டு லேப்டாப் பட்டியலைப் பாருங்கள்.

பொருநைக்கரை | ஞாயிறு, காலை 7:30

மேடம், வந்துவிட்டது!

காலையில் எழுந்ததும் இதைத்தான் செய்தேன். வைஃபை 6 பொத்தான் தனியாக இருந்தது. அணைத்ததும் போன்களில் இணைப்பு போய், அரை நிமிடத்தில் திரும்பி வந்தது. லேப்டாப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுப் பெயருக்கு மேலே எங்கள் பெயர் முழு சிக்னலோடு வந்து நின்றது. பாஸ்வேர்டு போட்டதும் சேர்ந்துவிட்டது. மகளை எழுப்பிக் காட்டினேன்.

இப்படியே விட்டுவிடலாமா?

செம்பருத்தி | ஞாயிறு, காலை 8:15

மிக்க மகிழ்ச்சி சார். அப்படியே விட்டாலும் வேலை நடக்கும். ஆனால் ஒரு பழைய டிரைவருக்காக மூன்று போனும் வைஃபை 5-இல் (ஏசி) இறங்கி ஓட வேண்டியதில்லை. டிரைவரைப் புதுப்பித்துவிட்டு வைஃபை 6-ஐ மறுபடி போட்டுவிடுங்கள். 3165-க்கு 19.51 என்று தொடங்குகிற டிரைவர் வரிசை இருக்கிறது. இன்டெல் தளத்திலிருந்தே இறக்குங்கள். தேடினால் முதலில் வருகிற டிரைவர் அப்டேட்டர் மென்பொருள் எதையும் தயவுசெய்து நிறுவாதீர்கள். அதிலிருந்து வருகிற தொந்தரவு இதைவிடப் பெரிது.

பொருநைக்கரை | ஞாயிறு, பகல் 12:20

முதலில் டிவைஸ் மேனேஜரில் போய் அப்டேட் டிரைவர் கொடுத்தேன். ஏற்கெனவே சிறந்த டிரைவர்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. நான் அதை நம்பி விட்டுவிட இருந்தேன். மகள்தான், தேதி இன்னும் 2015 என்றே இருக்கிறதே அப்பா என்றாள். பிறகு இன்டெல் தளத்திலிருந்து இறக்கி நிறுவினோம். நடுவில் ஒருமுறை வைஃபை அணைந்து வந்தது. இப்போது 19.51 காட்டுகிறது. ரவுட்டரில் வைஃபை 6-ஐ மறுபடி போட்டேன். பெயர் போகவில்லை, அப்படியே நிற்கிறது.

சர்வீஸ்மேசை | ஞாயிறு, பகல் 1:05

நான் நேற்றுச் சொன்னது தவறு. பொருநைக்கரை அண்ணன் அதைக் கேட்டு லேப்டாப்பைப் பிரிக்காமல் இருந்ததே நல்லது.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்காக ஒன்றை மனதாரச் சொல்கிறேன். இந்தக் கோளாறோடு வருகிற லேப்டாப்பில் கார்டை மாற்றினால் பெயர் வந்துவிடும், ஏனென்றால் புதுக் கார்டோடு புது டிரைவரும் வருகிறது. உடனே கார்டு போயிருந்தது என்று நாங்களும் நம்புகிறோம், வாடிக்கையாளரும் நம்புகிறார். கழற்றிய கார்டை யாரும் வேறு லேப்டாப்பில் போட்டுப் பார்ப்பதில்லை. என் மேசை டிராயரில் அப்படிக் கழற்றிப் போட்ட கார்டுகள் கிடக்கின்றன. இன்று மதியம் இரண்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டுமே வேலை செய்கின்றன. நாளை அந்த இரண்டு வாடிக்கையாளரையும் கூப்பிட்டுச் சொல்லப்போகிறேன்.

மாடிவீடு | ஞாயிறு, மாலை 4:30

இதே இழையில் கேட்கலாமா? என்னுடையது மேசைக் கணினி. யூஎஸ்பி வைஃபை அடாப்டர் குத்தியிருக்கிறேன், விண்டோஸ் 7. பெயர் தெரிகிறது. பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுகிறேன், ஆனால் சேர மாட்டேன் என்கிறது. அதே பாஸ்வேர்டு போனில் வேலை செய்கிறது. போன வாரம் ரவுட்டரில் பாதுகாப்பு கூடட்டும் என்று எதையோ மாற்றினேன், அதிலிருந்துதான் இப்படி.

செம்பருத்தி | ஞாயிறு, மாலை 5:00

நீங்கள் நிற்பது இரண்டாவது படி. மாற்றியது டபிள்யூபிஏ3 என்றுதான் நினைக்கிறேன், பாருங்கள். டபிள்யூபிஏ3 2018-இல் வந்த பூட்டு. விண்டோஸ் 7-க்கு அது தெரியவே தெரியாது. விண்டோஸ் 10-இலும் 1903 பதிப்பிலிருந்துதான் வந்தது. அடாப்டரும் டிரைவரும்கூட ஒத்துழைக்க வேண்டும். டபிள்யூபிஏ3-இல் பிஎம்எஃப் என்கிற பாதுகாப்பு கட்டாயம், அது தெரியாத அடாப்டரை ரவுட்டர் வாசலிலேயே நிறுத்திவிடும். கணினிக்குக் காரணத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் பாஸ்வேர்டு மேல் பழியைப் போடும்.

அதற்கு முந்தைய பூட்டான டபிள்யூபிஏ2, குறியாக்க முறை ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். 2, 3 இரண்டும் கலந்த தேர்வும் இருக்கும். நிறையக் கருவிகளுக்கு அது ஒத்துப்போகும், ஆனால் சில பழைய அடாப்டர்கள் அந்தக் கலப்பைப் பார்த்தும் மிரள்கின்றன. முதலில் டபிள்யூபிஏ2 மட்டும் வைத்துச் சேர்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் கலப்புக்குப் போங்கள். டிகேஐபி என்று ஒரு பழைய குறியாக்க முறை இருக்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள். பாதுகாப்பும் குறைவு, அதைப் போட்டால் வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று வருடங்கள் ஆகிவிட்டன. பூட்டைப் பலப்படுத்த நினைத்த நீங்கள் அதையும் யோசியுங்கள்.

மாடிவீடு | ஞாயிறு, மாலை 6:10

சேர்ந்துவிட்டது, நன்றி. டபிள்யூபிஏ3-தான் போட்டிருந்தேன். வேறு கணினி வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏதாவது காப்பி செய்யும்போது மட்டும் இணையம் தள்ளாடுகிறது. நின்று நின்று வருகிறது.

லினக்ஸ்தோழி | ஞாயிறு, மாலை 6:25

ஹார்ட் டிஸ்க் நீல நிறத் துளையில், அதாவது யூஎஸ்பி 3.0-இல், அடாப்டருக்குப் பக்கத்திலேயே குத்தியிருக்கிறதா? 2.4 ஜிகாஹெர்ட்ஸில்தானே ஓடுகிறது?

மாடிவீடு | ஞாயிறு, மாலை 6:31

ஆமாம், இரண்டும் பின்பக்கம் ஒன்றை ஒன்று ஒட்டியபடி இருக்கின்றன. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

லினக்ஸ்தோழி | ஞாயிறு, மாலை 6:50

எனக்கும் இதேதான் நடந்தது. யூஎஸ்பி 3.0-இல் தகவல் ஓடும்போது வெளிவருகிற இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் விழுகிறது. இன்டெல் 2012-லேயே இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அடாப்டரின் காதுக்குப் பக்கத்தில் யாரோ கத்துவது மாதிரி. வயர்லெஸ் மவுஸ் திக்குவதும் பல வீட்டில் இதனால்தான்.

ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு ஒயர் வாங்கி, அடாப்டரை மேசை மேலே கொண்டுவந்து வையுங்கள். நான் ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைத்திருக்கிறேன். கணினிப் பெட்டியின் பின்னால், சுவரோரம், தகரத்துக்கு அடியில் இருப்பதைவிட ஒரு முழம் வெளியே வந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

தேனிமலை | ஞாயிறு, இரவு 8:00

என் பிரச்சினை நான்காவது படி. 100 எம்பிபிஎஸ் திட்டம். போனில் 95 வருகிறது. லேப்டாப்பில் எவ்வளவு பக்கத்தில் வைத்தாலும் 40, மிஞ்சிப்போனால் 45. இணைப்பு நிறுவனத்துக்கு நான்கு முறை புகார் கொடுத்துவிட்டேன். செம்பருத்தி அக்கா சொன்ன கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். ரியல்டெக் 8723பிஇ, ரேடியோ டைப்ஸ் வரியில் பி, ஜி, என் மட்டும்தான் இருக்கிறது.

செம்பருத்தி | ஞாயிறு, இரவு 8:35

தம்பி, அந்த வரியிலேயே பதில் இருக்கிறது. ஏ-வும் இல்லை, ஏசி-யும் இல்லை என்றால் அந்தக் கார்டுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் கிடையாது. 2.4 மட்டும். அதிலும் இந்தக் கார்டு ஒற்றைத் தடத்தில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே தகவல் ஓடையில், ஓடுவது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் கார்டுக்கும் ரவுட்டருக்கும் நடுவே பேச்சுவேகம் அதிகபட்சம் 72 எம்பிபிஎஸ். அந்த 72 முழுவதும் உங்கள் கைக்கு வராது. ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் கிடைத்தது என்று திருப்பிச் சொல்ல வேண்டும், காற்றில் இடம் காலியாகிறதா என்று காத்திருக்க வேண்டும். அதெல்லாம் போக 40, 45 வருகிறது என்றால் கார்டு தன்னால் ஆனதைச் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எத்தனை புகார் கொடுத்தாலும் அந்தப் பக்கம் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

போன் 5 ஜிகாஹெர்ட்ஸில் போகிறது. ஒற்றைத் தட வைஃபை 5 கருவிக்கே 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 433 எம்பிபிஎஸ் பேச்சுவேகம். அதனால் 95 சுலபமாக வருகிறது.

நாளைக்கே வேண்டும் என்றால் லேன் ஒயர் குத்துங்கள். சில லேப்டாப்பில் லேன் துளையும் 100 எம்பிபிஎஸ்தான், உங்கள் திட்டத்துக்கு அதுவே போதும். நிரந்தரமாக வேண்டும் என்றால் இரட்டைப் பட்டை யூஎஸ்பி அடாப்டர் வாங்குங்கள், அல்லது உள்ளே இருக்கிற கார்டை மாற்றுங்கள்.

தேனிமலை | ஞாயிறு, இரவு 8:50

ரவுட்டரில் 2.4-க்கு 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டால் 150 ஆகும் என்று படித்தேன்.

சர்வீஸ்மேசை | ஞாயிறு, இரவு 9:05

தனி வீடாக இருந்தால் போட்டுப் பாருங்கள். அடுக்ககம் என்றால் வேண்டாம் தம்பி. 2.4 பட்டையில் ஒன்றை ஒன்று இடிக்காமல் நிற்க 1, 6, 11 என்று மூன்று சேனலுக்குத்தான் இடம். 40 போட்டால் அதில் பெரும்பகுதியை நீங்களே எடுத்துக்கொள்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அதையே செய்தால் இரண்டு பேருக்கும் கெடுகிறது. பல ரவுட்டர்கள் பக்கத்தில் வேறு ஆள் இருப்பதைக் கண்டு தாமே 20-க்கு இறங்கிவிடும்.

வைகையாறு | ஞாயிறு, இரவு 9:20

நான் இந்த நெரிசலுக்காகவே 13-ஆம் சேனலில் வைத்திருக்கிறேன். காலியாக இருக்கிறது, நன்றாக ஓடுகிறது. எல்லோரும் ஏன் 11-லேயே அடித்துக்கொள்ள வேண்டும்?

லினக்ஸ்தோழி | ஞாயிறு, இரவு 9:45

இந்தியாவில் 13 வரை போடலாம், தப்பில்லை. ஆனால் அமெரிக்காவில் 11 வரைதான் வழக்கம். அந்த ஊருக்கென்று அமைத்த அடாப்டர் 12, 13 பக்கம் காதையே திருப்பாது. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தால், பொருநைக்கரை ஐயாவுக்கு நடந்த அதே கதை வேறு காரணத்தால் நடக்கும்: ரவுட்டர் பக்கத்திலேயே இருக்கும், பெயர் வராது. என் அக்கா பாஸ்டனிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பில் இரண்டு நாள் இதோடு அல்லாடினேன். 13-லிருந்து 6-க்கு மாற்றியதும் வந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் பெயர் தெரியவில்லை என்று சொல்லாதவரை நீங்கள் 13-லேயே இருக்கலாம்.

வைகையாறு | ஞாயிறு, இரவு 10:02

அடடா. தீபாவளிக்கு வந்த தம்பி மகன் இதைத்தான் சொன்னான். அவன் லேப்டாப் பழுது என்று நினைத்துவிட்டேன். இன்றே அவனுக்கு எழுதுகிறேன்.

5-இலும் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் சில நாள் திடீரென்று மறைந்து, ஒரு நிமிடம் போல ஆன பிறகு வருகிறது. பழைய டேப்லெட்டில் அந்தப் பெயர் எப்போதுமே வருவதில்லை. இங்கேயும் காலியாக இருக்கிறதே என்று 100-ஆம் சேனலில் வைத்திருக்கிறேன்.

செம்பருத்தி | ஞாயிறு, இரவு 10:30

காலியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 52 முதல் 144 வரை இருக்கிற சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்கிற இடம். அங்கே ரவுட்டர் பேச ஆரம்பிக்கும் முன்னால் குறைந்தது 60 நொடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போது ரேடார் மாதிரி ஏதாவது காதில் விழுந்தால் 10 நொடிக்குள் அந்த சேனலை விட்டு விலக வேண்டும், அரை மணி நேரம் அங்கே திரும்பி வரக்கூடாது. உங்களுக்கு அந்த ஒரு நிமிடம் மறைவது இதுதான். ரவுட்டரின் பதிவேட்டில் ரேடார் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் நாட்டில் 5 ஜிகாஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய இடம் 2018-இல் விரிந்தது. அதற்கு முன் வந்த கருவிகளில் சில இந்த நடுச் சேனல்களைத் தேடுவதே இல்லை. உங்கள் டேப்லெட் அந்த வகையாக இருக்கலாம். 36-இலோ 149-இலோ வைத்துப் பாருங்கள். கொஞ்சம் நெரிசல் இருந்தாலும் நிலையாக நிற்கும்.

தேனிமலை | திங்கள், மாலை 6:15

அக்கா, கார்டை மாற்றிவிடலாம் என்று இன்டெல் ஏஎக்ஸ்201 வாங்கிவிட்டேன். விலை குறைவாக இருந்தது. துளையில் சரியாக உட்கார்ந்தது. ஆனால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை என்ற பேச்சே இல்லை. என் லேப்டாப்பில் ஏஎம்டி பிராசசர்.

சர்வீஸ்மேசை | திங்கள், மாலை 6:40

தம்பி, கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று உடனே கேளுங்கள். ஏஎக்ஸ்201 முழுக் கார்டு இல்லை. வைஃபையின் பாதி வேலையை இன்டெல் சிப்செட்டுக்கு உள்ளேயே வைத்துவிட்டு, ரேடியோவை மட்டும் கார்டில் வைத்திருப்பார்கள். சிஎன்விஐ என்று பெயர். அதனால்தான் விலை குறைவு. அதை ஏற்கிற இன்டெல் போர்டில் மட்டும்தான் உயிர் வரும். ஏஎம்டி-யில் துளை ஒத்துப்போனாலும் பேச ஆள் இல்லை. உங்களுக்கு வேண்டியது ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210. அவை சாதாரண பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியில் போகிற முழுக் கார்டுகள்.

மாட்டும்போது கவனம். இந்தக் கார்டுகளின் ஆன்டெனா முனை மிகச் சின்னது. பழைய மினி கார்டுக்கான ஒயர் முனை பெரிது, அது இதில் குத்தாது. அழுத்தினால் நசுங்கும். நகத்தால் மெதுவாக, நேராக மேலிருந்து வைத்து அழுத்துங்கள், டிக் என்று உட்கார வேண்டும். உங்கள் பழைய கார்டில் எத்தனை ஒயர் என்றும் பாருங்கள். ஒற்றைத் தடக் கார்டு இருந்த பல லேப்டாப்பில் ஒரே ஒரு ஒயர்தான் விட்டிருப்பார்கள். அப்படியென்றால் இரண்டாவது ஆன்டெனாவும் வாங்கி மூடிக்குள் ஒட்ட வேண்டும். சில பழைய லேப்டாப்கள் தங்கள் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் கிளம்பவே மறுக்கும், அதையும் மாடல் பெயர் போட்டு முன்கூட்டியே தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை இருப்பதால் சொல்கிறேன், உங்களுக்கு யூஎஸ்பி அடாப்டரே போதும்.

தேனிமலை | திங்கள், இரவு 7:10

கேட்டுவிட்டேன், கடைக்காரர் மாற்றித் தருவதாகச் சொன்னார். ஒரே ஒயர்தான் இருக்கிறது. அதனால் யூஎஸ்பி அடாப்டர்தான். பெட்டியில் ஏசி600, ஏசி1200 என்றெல்லாம் போட்டிருக்கிறதே, 1200 எம்பிபிஎஸ் வருமா?

லினக்ஸ்தோழி | திங்கள், இரவு 7:35

அது இரண்டு பட்டையின் எண்ணையும் கூட்டிப் போட்டது. ஏசி600 என்றால் 2.4-இல் 150, 5-இல் 433. ஏசி1200 என்றால் 300-உம் 867-உம். ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் சேர்வீர்கள், அதனால் கூட்டுத்தொகைக்கு வேலை இல்லை. 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு ஏசி600 தாராளம். வெறும் 150 என்றோ 300 என்றோ மட்டும் போட்டிருந்தால் அது 2.4 மட்டும் உள்ள அடாப்டர், பழைய இடத்திலேயே நிற்பீர்கள்.

லினக்ஸ் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரியல்டெக் 8821சியூ போன்ற சில்லு வைத்த பல அடாப்டர்கள் குத்தியதும் முதலில் ஒரு சிடி டிரைவ் போல நடிக்கும். விண்டோஸுக்கான டிரைவர் அந்தப் போலி சிடிக்குள் இருக்கிறது. லினக்ஸில் அதை எஜெக்ட் செய்தால்தான் வைஃபையாக மாறும். யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல் இருந்தால் தானே செய்துகொள்ளும். இந்தச் சில்லுக்கு லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் 6.2-இலிருந்து டிரைவர் உள்ளேயே வருகிறது. அதற்கு முந்தைய கர்னலில் வெளியிலிருந்து எடுத்து நிறுவ வேண்டும், ஒவ்வொரு கர்னல் புதுப்பித்தலுக்கும் அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். வயதான பெற்றோர் கணினியில் அப்படி வைத்துவிட்டு வராதீர்கள்.

பொருநைக்கரை | புதன், காலை 9:40

இழை இவ்வளவு நீளும் என்று நினைக்கவில்லை. ஒன்று விடாமல் படித்தேன்.

மகள் ப்ராஜெக்ட்டைச் சமர்ப்பித்துவிட்டாள். கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. பிரின்டர் புது ரவுட்டரில் சேரவே இல்லை. நான்கு படியை வைத்து நானே பார்த்தேன். பிரின்டரின் சின்னத் திரையில் எங்கள் வைஃபை பெயர் தெரிந்தது, பாஸ்வேர்டுக்குப் பிறகு நின்றது. அப்படியென்றால் இரண்டாவது படி. ரவுட்டரில் பார்த்தால் 2, 3 கலந்த பூட்டு. 2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயரும் வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, 2.4-இல் மட்டும் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் போட்டேன். பிரின்டரை அதில் சேர்த்தேன். லேப்டாப்பும் போன்களும் 5-இல் இருக்கின்றன.

ரேஷன் கார்டு நகல் இரண்டு பக்கம் அச்சடித்தேன், வந்துவிட்டது.

செம்பருத்தி | புதன், காலை 10:05

சார், இனி யாராவது கேட்டால் நீங்களே பதில் எழுதலாம். ஒன்றே ஒன்று: ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்கு ஸ்டிக்கரில் இருந்த பாஸ்வேர்டே இன்னும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை இன்று மாற்றிவிடுங்கள்.

பொருநைக்கரை | புதன், காலை 10:22

மாற்றிவிட்டேன் மேடம். டைரியில் எழுதியும் வைத்துவிட்டேன்.